பழைய லோட் பேலன்சரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதக் கோடை விழா நெருங்கினால்தான், ஏற்காடு விடுதிகளின் முன்பதிவுத் தளங்களைச் சேலத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு, வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் ஞாபகமே வரும். அமேசான் 2009-ல் கொண்டுவந்த கிளாசிக் லோட் பேலன்சர் பல இடங்களில் இன்னும் ஓடுகிறது. 2016-ல் அப்ளிகேஷன் வகையும் 2017-ல் நெட்வொர்க் வகையும் வந்துவிட்டன. மாற்றத்தான் வேண்டும். ஆனால் சீசன் நடுவில் கை வைக்காதீர்கள். கூட்டம் ஓய்ந்த ஜூலையில் செய்யுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது, சர்வர் நலமாக இருக்கிறதா என்று லோட் பேலன்சர் பார்க்கும் ஹெல்த் செக்கில். நானும் அங்கேதான் சறுக்கினேன். பழையதில் போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டிசிபி சோதனை இருந்தது. அடிவாரத்தில் வண்டியை விடுகிறார்கள் என்பதற்காக, மேலே 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மண் சரியவில்லை என்று சொல்லிவிட முடியாதே! சரி, புதிய அப்ளிகேஷன் வகையில் முகப்புப் பக்கத்தையே சோதிக்கட்டும் என்று விட்டேன். எங்கள் முகப்போ லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். சோதனை எதிர்பார்த்தது 'எல்லாம் சரி' என்னும் 200 குறியீடு, போனது 'வேறு பக்கத்துக்குப் போ' என்னும் 302. விளைவு, நன்றாக இருந்த சர்வர்களை, தேவைக்கேற்ப சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் ஒவ்வொன்றாக நீக்கிப் புதிதாக எழுப்பிக்கொண்டே இருந்தது. சோதனைக்கென்று தனிப் பக்கம் வையுங்கள். அதில் கனமான டேட்டாபேஸ் வினவலைப் போடாதீர்கள். டேட்டாபேஸ் கொஞ்சம் திணறினாலும் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் 'பழுது' ஆகிவிடும்.

அப்புறம் செஷன், அதாவது உள்ளே வந்த பயனரைப் பற்றித் தளம் வைத்திருக்கும் விவரம். ஒரே சர்வரில் பயனரைப் பிடித்துவைக்கும் குக்கியின் பெயர் பழையதிலும் புதியதிலும் வேறு வேறு. லாகின் விவரம் சர்வர் நினைவகத்தில் மட்டும் இருந்தால், மாற்றும் நேரத்தில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர் வெளியே தள்ளப்படுவார். முதலில் செஷனை, எல்லா சர்வர்களும் பார்க்கக்கூடிய ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு போன்ற பொது இடத்துக்கு நகர்த்துங்கள்.

லோட் பேலன்சரின் ஐபி முகவரியை எங்கும் எழுதிவைக்காதீர்கள். கிளாசிக்கிலும் அப்ளிகேஷனிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். ஐபி முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் பெயரையே கொடுங்கள். எச்டிடிபி (இணையப் பக்கங்களுக்கான நெறிமுறை) அல்லாத டிசிபி இணைப்புகள் இருந்தால் அவற்றை அப்ளிகேஷன் வகை ஏற்காது, நெட்வொர்க் வகைக்குத்தான் போக வேண்டும்.

மாற்றிய அன்றே பழையதை அழித்துவிடாதீர்கள். டிஎன்எஸ் விவரத்தைத் தேக்கிவைத்திருக்கும் சில கருவிகள் பழைய வாசலுக்கே வந்துகொண்டிருக்கும். கோரிக்கை எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை தினமும் பாருங்கள். ஆனதும் நீக்க மறக்காதீர்கள். ஒருவர்கூட வராவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும்.