கேமிங் பிசிக்கு எந்த பிராசசர்? லோயாட்டுக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோயாட் பிளாசாவில் கடைக்குக் கடை முதலில் கேட்பது இதுதான்: "பட்ஜெட் எவ்வளவு பாஸ்? இன்டெலா, ஏஎம்டியா?" இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் மானிட்டர், அடுத்து கிராபிக்ஸ் கார்டு, அந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற பிராசசர் அதற்குப் பிறகு. தலைகீழாகப் போகிறவர்கள்தான் எட்டு கோர் பிராசசரை வாங்கிவிட்டு, மிஞ்சிய காசுக்குச் சுமாரான கார்டைப் போட்டு, கேம் ஏன் இழுக்கிறது என்று தலையைச் சொறிகிறார்கள்.

கேஸ், பவர் சப்ளை, எஸ்எஸ்டி பற்றி இங்கே பேசவில்லை. திருப்புளி பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மானிட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

மாமாக் கடையை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் எடுத்துச் சீட்டு எழுதுபவர் பிராசசர். கல்லில் ரொட்டி சானாய் போடுபவர் கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு சீட்டு. ரெசொல்யூஷனைக் கூட்டினால் ரொட்டி பெரிதாகிறது; கல்லில் நிற்பவருக்குத்தான் வேலை கூடும், சீட்டு எழுதுபவருக்கு அதே வேலைதான். ஹெர்ட்ஸை (திரை நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற எண்ணை) கூட்டினால் சீட்டு எண்ணிக்கையே கூடுகிறது. அப்போது இரண்டு பேரும் ஓட வேண்டும்.

1080பி, 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் என்றால் இன்றைய எந்த ஆறு கோர் பிராசசரும் போதும். 1440பி, 144 அல்லது 165 ஹெர்ட்ஸில் கதை சார்ந்த பெரிய கேம்கள் ஆடுபவருக்கும் பெரும்பாலும் ஆறு கோரே போதும். காசைக் கார்டில் போடுங்கள். பிராசசருக்கு அள்ளிக் கொடுக்க வேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2. மற்றது, நகரம் கட்டுகிற, படை நடத்துகிற கேம்கள். அவற்றில் ஆட்டம் நீள நீளக் கணக்கு பெருத்துக்கொண்டே போகும். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் உதவாது.

படி 2: பழைய பிசி இருந்தால் சோதித்துவிடுங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாடியூனரையும் போட்டு, எஃப்பிஎஸ்ஸையும் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) கார்டின் பயன்பாட்டு விழுக்காட்டையும் திரையில் தெரிய வையுங்கள். வி-சிங்க்கையும் எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட்டு ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் ஆடுங்கள். பிறகு ரெசொல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கி அதே இடத்தில் ஆடுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். கொஞ்சம்தான் ஏறியது, கார்டும் 60, 70 விழுக்காட்டிலேயே நிற்கிறது என்றால் தடை பிராசசரில்.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்து "சிபியு 40 விழுக்காடுதானே ஓடுகிறது" என்று ஏமாறாதீர்கள். அது எல்லா கோர்களுக்கும் சேர்த்த சராசரி. கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது மற்றவை சும்மா இருக்கும்.

படி 3: பெயரின் வாலைப் படியுங்கள்

இன்டெலில் "எஃப்" என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையில் ஒன்றும் வராது. "கே" என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம். நம் ஊர் வெக்கைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஏஎம்டியில் "எக்ஸ்3டி" என்றால் கூடுதல் கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். ரைசன் 5 7600இல் எல்3 கேஷ் 32 எம்பி. 7800எக்ஸ்3டியிலும் 9800எக்ஸ்3டியிலும் 96 எம்பி. கேமுக்கு அடிக்கடி தேவைப்படும் தரவு ரேம் வரை போய்வராமல் பக்கத்திலேயே கிடைக்கிறது. படி 1இல் சொன்ன இரண்டு வகை ஆட்டக்காரர்களுக்கு இதுதான் சரியான செலவு.

அதிகம் பேர் விழுகிற குழி ரைசன் 5 5500. பெயரில் 5600க்கு ஒரு படிதான் கீழே, விலையும் ஆசை காட்டும். ஆனால் கேஷ் 16 எம்பி, அதாவது பாதி. அதைவிட முக்கியம், கார்டுக்குப் போகும் பாதை இதில் பழைய பிசிஐஇ 3.0. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் 8 லேனில் மட்டும் ஓடுபவை, 4.0க்காக வடிவமைத்தவை. 5500இல் போட்டால் பாதை பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி நிரம்பி ரேமிலிருந்து இழுக்க வேண்டி வரும்போது வெட்டி வெட்டி ஓடும். 5600ஐ எடுங்கள். 5600ஜி வேறு சிப். அதற்கும் இதே குறை உண்டு.

படி 4: சாக்கெட்டை முடிவுசெய்யுங்கள்

ஏஎம்4: ஏஎம்டியின் பழைய சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), டிடிஆர்4 ரேம். கையில் டிடிஆர்4 ரேம் கிடந்தால் 5600 இன்னும் நியாயமான தேர்வு, அதுவும் 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு. புதிதாக எல்லாம் வாங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எல்ஜிஏ1700: இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை. டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் தனித்தனி போர்டு உண்டு. பெட்டியில் எது என்று பார்த்து வாங்குங்கள். ஐ5-12400எஃப், பி660 அல்லது பி760 போர்டு, டிடிஆர்4: குறைந்த செலவில் குறை சொல்ல முடியாத கூட்டணி. எச்610 போர்டில் மிச்சம் பிடிக்காதீர்கள், வேகமான ரேமை அது 3200லேயே கட்டிப்போடும்.

ஏஎம்5: 2022இல் வந்தது, டிடிஆர்5 மட்டும். இந்த சாக்கெட்டை 2027 வரையிலாவது தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று 7600ஐப் போட்டு, சில வருடம் கழித்து அதே போர்டில் எக்ஸ்3டி ஒன்றை மாட்டலாம். புதிய பிசிக்கு என் ஓட்டு இதற்குத்தான். 7600க்கும் உள்கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப்க்கும் வித்தியாசம் நூறு வெள்ளிக்குள் இருந்தால் 7600 எடுங்கள். கார்டு வாரண்டிக்குப் போயிருக்கும் வாரங்களில் பிசி உயிரோடு இருக்கும்.

இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை எல்ஜிஏ1851இல் வருகிறது. வீடியோ எடிட்டிங் முக்கியம் என்றால் பாருங்கள். கேமுக்கு மட்டும் என்றால் அந்தக் காசுக்கு எக்ஸ்3டி மேல்.

படி 5: போர்டுக்கு அந்த பிராசசரைத் தெரியுமா?

சாக்கெட் பொருந்தினால் போதாது. போர்டின் பயோஸ் (பிசியைத் தொடக்கிவைக்கும் நிரல்) அந்த பிராசசர் வருவதற்கு முன்பே எழுதப்பட்டதாக இருந்தால் திரையில் எதுவும் வராது. நீண்ட நாள் அலமாரியில் கிடந்த பி650 போர்டில் ரைசன் 9000 வரிசையைப் போடும்போது நடப்பது இதுதான். போர்டு நிறுவனத்தின் தளத்தில் "சிபியு சப்போர்ட்" பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசசருக்கு எதிரே எந்த பயோஸ் பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். போர்டு பெட்டியில் "ரைசன் 9000 ரெடி" ஸ்டிக்கர் இருந்தால் கவலை இல்லை.

இல்லையென்றால் "பயோஸ் ஃப்ளாஷ்பேக்" பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். பிராசசர் இல்லாமலே பயோஸை ஏற்றலாம். 32 ஜிபிக்கு மேற்படாத பென்டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்யுங்கள். இறக்கிய ஜிப்பைப் பிரித்து பயோஸ் ஃபைலை மட்டும், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வையுங்கள். கையேட்டில் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் வையுங்கள். 24 பின், 8 பின் மின்கேபிள் இரண்டையும் மாட்டுங்கள். பின்பக்கம் அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை மூன்று நொடி அழுத்துங்கள். விளக்கு சில நிமிடம் மின்னிக்கொண்டே இருக்கும். சில நொடியிலேயே மின்னுவது நின்றால் ஃபைல் பெயரோ ஃபார்மேட்டோ தவறு. வானம் இருட்டிக்கொண்டு இடி இடிக்கிற சாயங்காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் கரண்டு போனால் போர்டு போய்விடலாம்.

படி 6: கூலர்

விமர்சன வீடியோக்களில் அறை வெப்பம் 21, 22 டிகிரி. கோலாலம்பூரில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை மதியம் 32 டிகிரி. அந்தப் பத்து டிகிரியை அப்படியே பிராசசர் வெப்பத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். 5600, 7600 பெட்டியில் வரும் சின்ன கூலர் வேலை செய்யும், ஆனால் சத்தம் போடும். 9600எக்ஸ், 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி பெட்டியில் கூலரே இல்லை. தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இவை எல்லாவற்றுக்கும் போதும். 155 மில்லிமீட்டர் உயரம், கேஸில் நுழையுமா என்று பார்த்துவிடுங்கள். ஆறு கோருக்கு வாட்டர் கூலிங் போடுவது வெட்டிச் செலவு.

படி 7: கவுன்டரில்

"ட்ரே" என்றால் பெட்டியும் கூலரும் இல்லாத சிப். விலை குறைவு, வாரண்டி யார் தருவது, எத்தனை வருடம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டியோடு வாங்கினால் ரைசன் பெட்டியின் சிறிய ஜன்னல் வழியே சிப்பில் உள்ள சீரியல் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பினாங்கு வாசகர்கள் வழக்கமாகக் கேட்பது: பெட்டியில் மலேசியா என்று போட்டிருக்கிறதே, இங்கே மலிவாக இருக்காதா? இன்டெல் 1972லேயே பினாங்கில் தொழிற்சாலை திறந்தது உண்மைதான். இங்கே நடப்பது பொருத்துவதும் சோதிப்பதும்; விலையை அது இறக்காது.

படி 8: மாட்டுவது, காத்திருப்பது

ஏஎம்5இலும் இன்டெலிலும் பின்கள் போர்டில் இருக்கின்றன. முக்கோணக் குறியை ஒத்துவைத்து, அழுத்தாமல் சிப்பை வையுங்கள். நெம்புகோலை இறக்கும்போது நெறுநெறுவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். தெறித்து விழுகிற கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டு வாரண்டிக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள். ரேம் இரண்டும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளையில்.

இனி சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்றும், போர்டில் "டிராம்" விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இங்கேதான் ஆட்கள் பதறிப்போய் பவரை அணைத்து, ரேமைக் கழற்றி மாட்டி, மறுபடி போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கிறார்கள். டிடிஆர்5 முதல்முறை ஓடும்போது போர்டு ஒவ்வொரு ரேமுக்கும் சரியான நேரக்கணக்கைத் தேடிப் பழகுகிறது. ஏஎம்5இல் அது பத்து நிமிடம் வரைகூடப் போகலாம். பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அதன் பிறகும் வரவில்லையென்றால் ஒரே ஒரு ரேமை இரண்டாவது துளையில் மட்டும் வைத்து, சிமாஸை அழித்து (பயோஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து) முயலுங்கள்.

திரை வந்ததும் பயோஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவை, இன்டெலில் எக்ஸ்எம்பியை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் 4800இல் ஓடும். ஆன் செய்ததும் மறுபடி அதே கறுப்புத் திரை, அதே காத்திருப்பு.

பின்சேர்க்கை 1: 7600 வாங்கிய சிலர், கார்டு போட்டும் எஃப்பிஎஸ் இருபதைத் தாண்டவில்லை என்றார்கள். எச்டிஎம்ஐ கேபிளைப் போர்டில் செருகியிருந்தால் இப்படித்தான். அதைக் கீழே, கார்டில் உள்ள துளைக்கு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: பழைய 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கிறார்கள். அந்த வரிசைகளில் ஐ5-13600கேயும் அதற்கு மேலானவையும் அதிக மின்னழுத்தத்தால் மெல்லப் பழுதாகும் சிக்கல் இருந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயோஸ் வழியே ஏறும் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது, பழைய சொந்தக்காரர் பயோஸை எப்போது ஏற்றினார் என்பதும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. வாரண்டி பில் கைக்கு வராமல் வாங்காதீர்கள். 12ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பழைய 12400எஃப்பைத் தாராளமாக எடுக்கலாம்.