மண் காயும் முன்னே மெஷினை ஏற்றாதீர்கள்: மலையோரத்தில் மரம் வெட்டும்போது நடக்கும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு மேலே மலையோரத்தில் என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் இருந்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது பாதி மரம் சாய்ந்துவிட்டது. மிச்சம் நின்றதும் பால் வற்றிய கிழட்டு மரங்கள்தான் என்பதால் எல்லாவற்றையும் தடிக்கு, அதாவது வெட்டுமரமாக, விற்றுவிட்டு மறுநடவு செய்யலாம் என்று முடிவானது. ரப்பர் தடியை வெட்டிப் போட்டால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், விலை போகாது, அதனால் எல்லாருக்கும் அவசரம். மரம் எடுத்தவர் இரண்டு மெஷின் வாளும் ஒரு ஜேசிபியும் கொண்டுவந்தார். நாலு நாளில் தோட்டம் வெறிச்சென்று ஆனது. அந்த நாலு நாளில் மண்ணுக்கு நடந்ததை நாங்கள் இன்னும் சரி செய்துகொண்டிருக்கிறோம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கோடாலியும் கயிறும் வைத்து வேலை செய்த காலத்திலும் தப்பு நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் கண்ணில் பட்டு “நிறுத்து” என்று சொல்லிவிடுவார். மெஷினில் அந்த இடைவெளியே கிடையாது. தப்பு கண்ணில் படும்போது லோடு மில்லுக்குப் போயிருக்கும்.

இதற்காக மெஷினே வேண்டாம் என்று சொல்வதும் ஒரு தவறுதான். கோடாலியால் அடிமரத்தில் வாய் எடுத்து வெட்டும்போது நல்ல தடியில் கணிசமான பகுதி செதிளாகவே போய்விடும். வாள் மெஷின் தரையை ஒட்டி அறுக்கும், அந்தச் சேதாரம் வெகுவாகக் குறையும். கூப்பில் (காட்டில் மரம் வெட்டும் இடத்தில்) யானை தடி இழுத்த காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் அந்த யானைகளின் காலையும் தோலையும் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். மரம் வெட்டுவதும் பாவமில்லை. நானூறு வருஷப் பழமை உள்ள பத்மநாபபுரம் அரண்மனை நம் ஊரில் மரத்தில்தான் நிற்கிறது. எந்த மரத்தை, எந்த நேரத்தில், எந்த வழியாக எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் ஹார்வெஸ்டர் என்ற இயந்திரம் நிற்கிற மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, அளவாகத் துண்டு போடுவதை ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிடும். எடை சுமார் இருபது டன். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கேயும் இப்படி வந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே குளிர்காலத்தில் தரை கல் மாதிரி உறைந்து, மேலே பனியும் மூடியிருக்கும். இளகின மண் உள்ள காடுகளை அந்த மாசங்களுக்காகவே ஒதுக்கி வைப்பார்கள். இயந்திரமும் கழித்த கிளைகளைத் தன் முன்னால் பரப்பி, அந்த மெத்தை மேல்தான் ஏறிப் போகும். நம் மலையில் தரை என்றைக்கும் உறையாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது, மண் காய்ந்து கிடக்கிற நாட்களே குறைவு. அவர்களுடைய மெஷினை மட்டும் கடன் வாங்கிவிட்டு அவர்களுடைய கவனத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது சேறுதான்.

ஈர மண்ணில் மெஷினை ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மாமா தோட்டத்தில் அன்றைக்கு லோடு ஏற்ற வந்த வயசான சுமட்டுத் தொழிலாளி ஒருவர் தரையை மிதித்துப் பார்த்துவிட்டு, “மக்களே, மண்ணு கொழஞ்சு கெடக்கு, ரெண்டு வெயில் அடிக்கட்டும்” என்றார். யாரும் கேட்கவில்லை. நல்ல மண் என்பது பாதி இடைவெளிதான். அந்த இடைவெளியில்தான் காற்றும் தண்ணீரும் மண்புழுவும் வேரும் இருக்கின்றன. ஈரமாக இருக்கும்போது டன் கணக்கில் எடை ஏறினால் அது அப்படியே அமுங்கிப் போகும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், இந்தச் சேதத்தில் பெரும்பகுதி முதல் சில ஓட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் தானாகச் சரியாக வேண்டுமென்றால் பல பத்து வருஷம் ஆகும். இப்போதும் அந்த ஜேசிபி போன தடத்தில் மண்வெட்டி போட்டால் ணங்கென்று கேட்கும், இரண்டு அடி தள்ளிப் போட்டால் ஒரு சாண் இறங்கும். தடத்து மேல் வைத்த ரப்பர் கன்றுகள் பக்கத்து வரிசையின் இடுப்பளவுக்குத்தான் நிற்கின்றன. மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கிறது.

பரிசோதனைக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டுங்கள். கயிறு மாதிரி நீண்டு உருண்டால் மெஷின் ஏறக்கூடாது. உடைந்து உதிர்ந்தால் ஏற்றலாம். மேல் மண் வெயிலில் வெளுத்துக் கிடந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், அதனால் மேலாகப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அடுத்தது வழி. டிரைவர் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் வண்டியை விடுவார், கடைசியில் தோட்டம் முழுக்கத் தடமாக இருக்கும். முதல் ஓட்டத்திலேயே மண் கெட்டுவிடும் என்பதால், பத்து வழியில் ஒவ்வொரு தடவை போவதைவிட ஒரே வழியில் பத்துத் தடவை போவது எவ்வளவோ நல்லது. மெஷின் வருவதற்கு முந்தின நாளே தோட்டத்தில் நடந்து, கயிறோ சுண்ணாம்போ போட்டு வழியைக் குறித்துவிடுங்கள். தடியை அந்த வழிக்கு இழுத்து வரட்டும், வண்டி தடியைத் தேடிப் போக வேண்டாம். அந்த வழியும் சரிவில் நேர்க்கீழாக இறங்கக்கூடாது. நேராக இறங்கினால் அது அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும், எங்களுக்கு அதுதான் நடந்தது. சரிவில் வெட்டின படித்தட்டை ஒட்டிச் சுற்றிச் சுற்றி இறக்கி, வேலை முடிந்த அன்றைக்கே வழிக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாக மண் வரப்பு போட்டுத் தண்ணீரைப் பக்கவாட்டில் இலைச் சவறுக்குள் திருப்பிவிட வேண்டும். சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு நெருக்கமாக வரப்பு வேண்டும். ஒரு ஆள் அரைநாள் வேலைதான் இது.

தோட்டுக்கரையில், அதாவது ஓடைக்கரையில், நிற்கிற மரத்தைத் தொடாதீர்கள். தடியைத் தோட்டுக்குள் உருட்டி இழுப்பதும், தோட்டின் குறுக்கே மண்ணைத் தள்ளி வண்டி போக வழி போடுவதும் நான் நேரில் பார்த்தவை. இங்கே கலங்குகிற தண்ணீர் நம் தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. மேலே கோதையாற்றுப் பக்கம் கரைகிற மண் கடைசியில் பேச்சிப்பாறையில்தான் போய்ப் படியும். 1906-ல் கட்டி முடித்த அணை அது. உள்ளே வண்டல் ஏற ஏற, கால்வாயின் கடைவரம்பில் கும்பப்பூ பருவ நெல்லுக்குக் காத்திருக்கிறவனுக்கு வருகிற தண்ணீர்தான் குறையும்.

வெட்டி முடித்ததும் தோட்டத்தைச் சுத்தமாகக் காட்டணும் என்று இலை, கொம்பு, பட்டை எல்லாவற்றையும் கூட்டித் தீ வைப்பது இன்னொரு பழக்கம். மரத்தில் சத்து அதிகம் இருப்பது தடியில் இல்லை. இலையிலும் சிறு கொம்பிலும் பட்டையிலும்தான். தடியை விற்றுக் காசாக்கியாச்சு, மிச்சத்தையும் எரித்துவிட்டால் அடுத்த முப்பது வருஷத்துக்கு உர மூட்டை வாங்கித்தான் ஈடு கட்ட வேண்டும். அவற்றைத் தட்டின் ஓரமாக வரிசையாகப் போடுங்கள், அதுவே மண்ணைத் தடுக்கும். ஜேசிபி இருக்கிறதே என்று எல்லா அடிக்கட்டையையும் வேரோடு பிடுங்குவதும் வேண்டாம். வேர் அழுகல் நோய் கண்ட கட்டை என்றால் பிடுங்கத்தான் வேண்டும், மற்றதை விட்டுவிடலாம். வெட்டின மரத்தின் வேர் இன்னும் சில வருஷம் சரிவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது மக்கி, புதுக் கன்றின் வேர் பலப்படாத மூன்று நாலு வருஷத்துக்கு அப்புறம்தான் சரிவு இளகும் ஆபத்து கூடுகிறது. அதற்குள் மண்ணை மூடிப் படர்கிற மூடுபயிர் பரவியிருக்க வேண்டும்.

வாள் மெஷினின் சங்கிலிக்குப் புது ஆயில் எதற்கு என்று வண்டியிலிருந்து எடுத்த கரி ஆயிலை ஊற்றுகிறார்கள். அந்த ஆயில் சங்கிலியிலிருந்து தெறித்து முழுக்க மண்ணுக்கும் தோட்டுக்கும்தான் போகிறது. செய்யாதீர்கள்.

இவ்வளவு நேரம் பேசியது தோட்டத்தைப் பற்றி. இயற்கையான காட்டுக்கு வந்தால் தவறுகள் வேறு மாதிரி. நல்ல நேரான மரமாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, வளைந்ததையும் பொந்து விழுந்ததையும் விட்டு வைத்தால் பார்ப்பதற்குக் காடு நிற்கிற மாதிரியே இருக்கும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு விதை போடப்போவது அந்த மிச்சம்தான். கொடி பின்னிக் கிடக்கிற மழைக்காட்டில் ஒரு மரத்தைச் சாய்த்தால் அது நாலு மரத்தை இழுத்துக்கொண்டு விழும்; மாசக்கணக்கில் முன்னாலேயே கொடியை அறுத்துவிட்டு, விழும் பக்கத்தையும் தீர்மானித்து வெட்டுகிற நாடுகளில் சுற்றி நிற்கிற மரங்களின் சேதம் வெகுவாகக் குறைகிறது.

அப்புறம் கன்றுக் கணக்கு. ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம் என்று சொல்வதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வரிசையில் நிற்கிற ரப்பரும் காடும் ஒன்றில்லை. அயனி, தம்பகம், வேங்கை, ஈட்டி, அவற்றில் ஏறின கொடி, கீழே மக்கின சவறு, அதைத் தின்கிற பூச்சி, பொந்தில் கூடு வைக்கிற இருவாச்சிப் பறவை எல்லாம் சேர்ந்ததுதான் காடு. கன்றைக் காசு கொடுத்து வாங்கலாம், பொந்தை வாங்க முடியாது.

ஒரு வருஷத்தில் எவ்வளவு வளருமோ அதற்கு மேல் வெட்டாதே என்பதுதான் நிலைத்த காட்டின் மூலக் கணக்கு. 1713-லேயே ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் இதை எழுதினார், வெள்ளி உருக்க விறகு தீர்ந்துபோகிற பயத்தில். இன்றைக்கு அந்தக் கணக்கை உடைப்பது பெரும்பாலும் மெஷினின் மாசத் தவணை. தவணை கட்ட வண்டி ஓடியே ஆக வேண்டும், மரம் வருஷத்துக்கு விரற்கடை அளவுதான் பருக்கும். எனவே முதலில் காட்டின் வளர்ச்சியை அளந்து, அதற்கு ஏற்ற மெஷினை எடுக்க வேண்டும். நம் நாட்டில் 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் பெற்ற வேலைத்திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்டக்கூடாது என்று நிறுத்தியது. அந்த வழக்கு தொடங்கியதே நீலகிரி கூடலூர் மரங்களுக்காகத்தான்.

சொந்த நிலம்தானே என்று அனுமதி பார்க்காமல் வெட்டுவதும் நம் பக்கம் நடக்கிற தவறு. 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலம் நம் மலையோரத்தில் நிறைய உண்டு, அங்கே அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் முன் அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் வருஷத்துச் சட்டம் வேறு இருக்கிறது. முன்பணம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் சர்வே எண்ணோடு வன அலுவலகத்துக்கு ஒருதடவை போய் வந்துவிடுங்கள்.

கடைசியாக, மரம் எடுக்கிறவரோடு வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். மழை பெய்தால் எத்தனை நாள் வேலை நிற்கும், வண்டி எந்த வழியில் மட்டும் போகும், தோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கும், குறுக்கு வரப்பை யார் போடுவது, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தடிப்பணம் முழுவதையும் முதலிலேயே வாங்கினால், லோடு போன பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட நம் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் அவரிடமிருந்து ஒரு தொகையைத் தனியாகப் பிடித்து வையுங்கள், வரப்பு போட்டு முடித்த அன்றைக்குத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன மாசியில் இப்படித்தான் செய்தார். கடைசி லோடு போன அன்றைக்கே வரப்புகள் விழுந்துவிட்டன, ஆடிச் சாரலிலும் அவர் தோட்டத்திலிருந்து இறங்கின தண்ணீர் கலங்கவில்லை.