ட்வீட்டர் போச்சா? கெப்பாசிட்டரையும் பாருங்க

பாட்டில் பேஸ் மட்டும் முழங்கி, ஜால்ரா, சலங்கைச் சத்தமெல்லாம் மங்கிவிட்டதா? ட்வீட்டரைத்தான், அதாவது பெட்டிக்குள் கூர்மையான சத்தங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கரைத்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கரைத் திறந்து, ட்வீட்டருக்குப் போகும் ஒயர் ஒன்றைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அதன் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். 8 ஓம் ட்வீட்டர் என்றால் ஏறக்குறைய 6 காட்டும். எதுவுமே காட்டவில்லையென்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்துவிட்டது.

சரியாகக் காட்டியும் சத்தம் வரவில்லையா? ட்வீட்டருக்குப் போகும் ஒயரில் தொடராக இருந்து பேஸைத் தடுக்கும் கெப்பாசிட்டரைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் இது காய்ந்துபோவது சகஜம், செலவும் குறைவு. நான்-போலார் (பிளஸ், மைனஸ் முனை இல்லாத) வகைதான் வாங்க வேண்டும். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் குறையக் கூடாது. கெப்பாசிட்டரே இல்லாமல் நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்! பேஸ் முழுவதும் உள்ளே போய்ப் புது ட்வீட்டரும் எரிந்துவிடும்.

சில மாடல்களுக்கு டயஃப்ரம் (அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய சவ்வு) தனியாகவே கிடைக்கும், விசாரியுங்கள். முழு ட்வீட்டரையே மாற்றுவதானால் ஓம், துளை அளவு, சென்சிட்டிவிட்டி (ஒரே பவரில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) மூன்றும் பொருந்த வேண்டும். அதே மாடல் கிடைக்காவிட்டால் இரண்டு பெட்டியிலும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாகக் கேட்கும். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் அலறவிட்டாலும் ட்வீட்டர் எரியும்.