அடுப்புச் சாம்பலை அள்ளி காய்கறிப் பாத்தியில கொட்டுறவங்களா நீங்க?

எங்க வீடு தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். கேஸ் இருந்தாலும் களி கிண்டறதுக்கும் குளிக்க சுடுதண்ணி வைக்கறதுக்கும் இன்னும் விறகடுப்புதான், அதனால வாரத்துக்கு ஒரு பக்கெட் சாம்பல் சேர்ந்துடும், செடிக்கு நல்ல உரம்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு ரெண்டு வருஷம் கொல்லைப் பாத்தியில அள்ளி அள்ளி போட்டேன். போன வருஷம் கத்திரிக் கொழுந்து எல்லாம் வெளுத்து மஞ்சளாயிடுச்சு, நரம்பு மட்டும் பச்சையா கோடு கிழிச்ச மாதிரி நிக்குது. சத்து பத்தலன்னு நினைச்சு இன்னும் ரெண்டு கை சாம்பல் போட்டேன் பாருங்க, அதுதான் பெரிய கூத்து.

முதல் தப்பே சாம்பலை எரு மாதிரி நினைக்கறது. விறகு எரியும்போதே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், புகையோட போயிடுது, சாம்பல்ல அது சுத்தமா இல்லன்னே வச்சுக்கோங்க. மிச்சம் இருக்கறது பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து, கொஞ்சம் சாம்பல் சத்து அதாவது பொட்டாஷ், அதை விட கம்மியா மணிச்சத்து அதாவது பாஸ்பரஸ். பாட்டி காலத்துல எண்ணெய்ப் பிசுக்கு பாத்திரத்தை சாம்பல் போட்டுதானே தேய்ப்பாங்க, பிசுக்கை வெட்டற அந்தக் காரம்தான் மண்ணுலயும் இறங்குது. காரம் ஏறினா மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது, என் கத்திரிக்கு வந்தது அந்தக் கோளாறுதான்.

இதுல நம்ம ஊரு தண்ணியையும் சேர்த்துப் பாக்கணும். ஃப்ளோரைடு பிரச்சனைக்காக ஒகேனக்கல் குடிநீர் திட்டம் வந்த மாவட்டங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டும், குடிக்க ஒகேனக்கல் தண்ணி வந்துடுச்சு சரி, ஆனா செடிக்குப் போறது இன்னும் போர் தண்ணிதான். எங்க வெந்நீர் அண்டாவுக்குள்ள விரலை வச்சு சுரண்டினா வெள்ளையா செதில் செதிலா வருது. அந்தத் தண்ணியே தினம் சுண்ணாம்பை ஊத்திட்டு இருக்கு, அதுக்கு மேல சாம்பல் எதுக்கு? அதனால மண் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிச்சா வழி சொல்லுவாங்க. மண்ணோட காரத்தைக் காட்டற பிஎச் அளவு 7.5 தாண்டிடுச்சுன்னா சாம்பல் பக்கமே போகாதீங்க. 6க்கு கீழ இருந்தா சாம்பல் நல்லாவே வேலை செய்யும், அப்பவும் பத்துக்குப் பத்து அடி பாத்திக்கு வருஷத்துக்கு ஒரு கிலோ போதும், அதையும் பரவலா தூவி மண்ணோட கிளறி விடணும், தண்டுகிட்ட குவிச்சு வைக்கக் கூடாது. நாத்தங்கால், விதை போட்ட பாத்தி இதுல வேணவே வேணாம், உப்பு தாங்காம குருத்து கருகிடும்.

அடுத்தது யூரியாவோட கலக்கறது. ஒரே வேலையா முடிச்சுடலாம்னு யூரியா, டிஏபி, சாம்பல் எல்லாத்தையும் ஒரே கூடையில கலந்து வீசறவங்க உண்டு, ஈரம் பட்டா மூக்கை அடைக்கற ஒரு நெடி வரும் பாருங்க, காசு கொடுத்து வாங்குன தழைச்சத்து காத்துல போற நெடி அது. பச்சைச் சாணியோட கொட்டினாலும் இதே கதைதான்.

எது எரிஞ்ச சாம்பல்னும் பாக்கணும். வெந்நீர் அடுப்புல நாம எதைத்தான் போடல, பால் கவர், பெயிண்ட் அடிச்ச பழைய கதவு, பிளைவுட் துண்டு எல்லாம் போகுது, அந்தச் சாம்பலை சாப்பிடற காய்ல போடாதீங்க. நிலக்கரிச் சாம்பலும் அப்படித்தான். ரைஸ் மில் உமிச் சாம்பல் வேற ரகம், அதுல பெரும்பகுதி சிலிக்கா, பொட்டாஷ் கிடைக்கும்னு நம்பி லோடு எறக்காதீங்க. மழையில நனைஞ்சு கெடந்த சாம்பல்லயும் பொட்டாஷ் கரைஞ்சு போயிருக்கும், சுண்ணாம்புதான் மிச்சம்.

சூடு ஆறிடுச்சுன்னு நம்பறது இன்னொண்ணு. நேத்து சாயந்திரம் அணைச்ச அடுப்புதானேன்னு காலையில பிளாஸ்டிக் பக்கெட்ல அள்ளினேன், உள்ள கங்கு இருந்திருக்கு, பக்கெட் அடி உருகி ஓட்டை. இப்ப தகர டின்தான்.

அவரையில அசுவினிப் பூச்சி வந்தா சாம்பல் தூவறது மட்டும் நான் விடல. காலையில பனி ஈரம் இருக்கும்போது துணியில கட்டி லேசா தட்டணும், மாவு பூசின மாதிரி அப்பினா இலை மூச்சு விடாது, மூக்குக்கு துணி கட்டிக்கோங்க.

கத்திரிக்கு கடைசியில அன்னபேதிதான், அதாவது இரும்பு சல்பேட் உப்பு, கை கொடுத்துச்சு. லிட்டருக்கு 5 கிராம், கூட கொஞ்சம் எலுமிச்சை சாறு, சாயந்திரமா இலை நனைய அடிச்சேன், மக்கின தொழு உரமும் வச்சேன். பழைய மஞ்ச இலை அப்படியேதான் இருந்துச்சு, புதுசா வந்த கொழுந்து பச்சையா வந்துச்சு. வாராவாரம் சேர்ற சாம்பல் இப்ப பாதி பாத்திரம் தேய்க்கப் போகுது, மீதி தகர டின்லயே கெடக்கு.