காதல் நாவல் எழுதிக்கொண்டே எடிட்டராகவும் வேலை பார்ப்பது எப்படி

காதல் நாவல் எழுதுகிறவர்களில் பலர் எடிட்டிங் வேலையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். முதல் காரணம் பணம்தான். நாவலுக்கான ராயல்டியை, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கை, பல பதிப்பகங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்த்துத் தருகின்றன, எடிட்டிங்கில் வேலையை முடித்துக் கொடுத்ததும் பணம் கைக்கு வந்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய லாபம் வேறு. இன்னொருவர் கைப்பிரதியில் ஒரு காட்சி ஏன் சப்பென்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அவர் மனம் நோகாமல், அவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டால், உங்கள் நாவலில் அதே மாதிரி இடம் வரும்போது கண் தானாக அங்கே நின்றுவிடும்.

இந்த வகை எழுத்தின் மேல் உங்களுக்கு மதிப்பு இருக்க வேண்டும், அதுதான் முதல் தகுதி. ‘சும்மா காதல் கதைதானே’ என்று நினைக்கிறவர் இதை எழுதவும் வேண்டாம், எடிட் செய்யவும் வேண்டாம். ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்கு இரண்டே அடையாளங்களைத்தான் சொன்னது: காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். 1980இல் அந்தச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் விவியன் ஸ்டீபன்ஸ். அவர் ஒரு எடிட்டர். டெல் பதிப்பகத்தில் கேண்டில்லைட் எக்ஸ்டஸி என்ற நாவல் வரிசையைக் கவனித்துக்கொண்டவர், வேலைக்குப் போகிற, தன் முடிவைத் தானே எடுக்கிற சமகால அமெரிக்கப் பெண்களை நாயகிகளாகக் கொண்டுவந்தார், கறுப்பின ஜோடிகளின் காதலுக்கும் அச்சில் இடம் வாங்கிக் கொடுத்தார். எடிட்டர் வேலை எழுத்துப்பிழை திருத்துவதோடு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இவர்தான்.

சரி, நாவலுக்கு வருவோம். ஜோடி கடைசியில் சேர்ந்துவிடும் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அதனால் ‘சேர்வார்களா’ என்ற கேள்வியை வைத்து முந்நூறு பக்கம் ஓட்ட முடியாது. ‘இவர்களால் எப்படிச் சேர முடியும்’ என்ற கேள்விதான் புத்தகத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எழுத உட்காரும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். காதலைப் பற்றி அவள் நம்புகிற தவறான விஷயம் என்ன, அவன் நம்புகிற தவறான விஷயம் என்ன. ‘என்னைத் தெரிந்துகொண்டவர்கள் யாரும் என்னோடு இருக்க மாட்டார்கள்’ என்று அவள் நம்புகிறாள், ‘யாருக்காவது உபயோகமாக இருந்தால்தான் எனக்கு மதிப்பு’ என்று அவன் நம்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தன்னை மறைப்பாள், அவள் கேட்காமலேயே அவன் அவள் பிரச்சினைகளைத் தீர்க்கப் போவான், போகப் போக மறைத்ததெல்லாம் வெளியே வரும். வில்லனே இல்லாமல் கதை கிடைத்துவிட்டது பாருங்கள்.

தடையை வெளியே மட்டும் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். குடும்பம் எதிர்க்கிறது, வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது, பழைய காதலி திரும்பி வருகிறாள், எல்லாம் வரட்டும், ஆனால் அது உள்ளே இருக்கிற பயத்தைத் தொட வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுகிற தடை தடையே அல்ல. அப்படிப் பேச விடாமல் போன் சார்ஜ் தீர்ந்துபோவது, பாதி வாக்கியத்தை மட்டும் ஒட்டுக்கேட்பது மாதிரி ஏற்பாடுகளை வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். முக்கால்வாசிக் கதைக்கு மேல் வருகிற பிரிவுக்கும் இதே விதிதான், அவர்கள் பிரிவது அந்த இரண்டு தவறான நம்பிக்கைகளால் இருக்க வேண்டும். அப்போதுதான் திரும்பச் சேரும்போது யாராவது ஒருவர் மாறியிருப்பார், வெறும் மன்னிப்போடு போகாது.

முதல் பிரதி எழுதும்போது உங்களுக்குள் இருக்கும் எடிட்டரை உள்ளே விடாதீர்கள். எடிட்டிங் வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம், நாள் முழுக்கப் பிழை தேடிய கண் உங்கள் முதல் வரியிலேயே தேட ஆரம்பித்துவிடும். அதனால் எழுத்து முதலில், எடிட்டிங் அப்புறம். காலையில் உங்கள் நாவல், மற்றவர்கள் கைப்பிரதி மதியத்துக்கு மேல். முடிந்தால் இடத்தையும் மாற்றுங்கள். நேற்று எழுதியதில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள், பெயர் மறந்தால் கோடு போட்டுவிட்டுத் தொடருங்கள்.

முடித்ததும் சில வாரம் தொடாதீர்கள். பிறகு காட்சிப் பட்டியல் ஒன்று போடுங்கள், ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே கேள்வி: இந்தக் காட்சிக்கு முன்னால் இவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது என்ன, பின்னால் இருப்பது என்ன? எதுவும் மாறவில்லை என்றால் உரையாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காட்சி போக வேண்டும், அல்லது மாற வேண்டும். முத்தக் காட்சிக்கும் படுக்கையறைக் காட்சிக்கும் இதே கேள்விதான். உடல் நெருங்கினால் போதாது, யாரோ ஒருவர் முன்பைவிடப் பலவீனமான இடத்தில் நிற்க வேண்டும். அப்புறம் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். யார் யாரை எந்த இடத்திலிருந்து ‘நீங்க’ விட்டு ‘நீ’ என்று கூப்பிடுகிறார்கள் என்று குறித்துவையுங்கள், அது தற்செயலாக நடக்கக் கூடாது. வயது, தேதி, கண் நிறம், தங்கை பெயர் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு குறிப்புத் தாள் வேண்டும்.

இனி மற்றவர்களின் எழுத்து. எடிட்டிங் என்பது ஒரே வேலை இல்லை. கதை அமைப்பைப் பார்ப்பது ஒன்று, வரி வரியாக நடையைச் சீராக்குவது இன்னொன்று, இலக்கணமும் தகவல் ஒற்றுமையும் பார்ப்பது மூன்றாவது, அச்சுக்கு முன் மெய்ப்பு (புரூஃப்) திருத்துவது கடைசி. வரிசை மாறக் கூடாது, வெட்டப் போகிற அத்தியாயத்துக்கு ஒற்றுப்பிழை திருத்துவது வீண். எதைச் செய்து தரப்போகிறீர்கள், எத்தனை சுற்று, எந்தத் தேதிக்குள், வார்த்தைக் கணக்கா பக்கக் கணக்கா என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் சில பக்கம் மாதிரிக்குத் திருத்திக் காட்டுங்கள், எழுத்தாளருக்கு உங்கள் கை பிடிக்கிறதா என்று தெரியும், உங்களுக்கும் அவர் எழுத்து பிடிக்கிறதா என்று தெரியும். பிடிக்காத கதையை எடிட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திருத்தக் குறிப்புகளைக் கேள்வியாக எழுதுங்கள். ‘இவன் இங்கே மன்னிப்புக் கேட்க வேண்டும்’ என்று எழுதுவதைவிட ‘இவன் செய்தது இவளுக்கு இன்னும் வலிக்கிறது, அது இவனுக்குத் தெரியுமா?’ என்று எழுதினால் எழுத்தாளரே உங்களுக்குத் தோன்றாத ஒரு பதிலோடு வருவார். நாவலாசிரியராகவும் இருக்கிற எடிட்டருக்கு இங்கே ஒரு ஆபத்து உண்டு. காட்சியைத் தானே எழுதிக் காட்டக் கை துறுதுறுக்கும், எழுதினால் அவருடைய குரல் போய் உங்கள் குரல் வந்து உட்கார்ந்துவிடும். தயவுசெய்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதில் சமரசமே கிடையாது. மற்றவர்களின் கைப்பிரதியில் நீங்கள் படித்த எதையும் வெளியே பேசக் கூடாது, உங்கள் நாவலுக்குள் கொண்டுவரவும் கூடாது. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கதையும் வந்த கைப்பிரதியும் ஒரே மாதிரி இருந்தால் முதல் பக்கங்களிலேயே நிறுத்தி, காரணம் சொல்லி, வேலையைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் கதைக்குறிப்புகளில் தேதி போட்டுவைப்பதும் நல்லது.

பதிப்பக ஒப்பந்தம் வந்தால் முன்பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். முன்பணம் பிற்கால ராயல்டியில் கழிந்த பிறகுதான் அடுத்த பணம் வரும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் யாரிடம், புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்பதைப் படியுங்கள். அமேசானில் நீங்களே மின்னூல் வெளியிட்டால், விலையையும் விற்கும் நாட்டையும் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம் ராயல்டி.

அப்புறம், உங்கள் நாவலுக்கு வேறொரு எடிட்டர் கட்டாயம் வேண்டும். எத்தனை பேர் எழுத்தை நீங்கள் திருத்தியிருந்தாலும் சரி, உங்கள் மனதில் இருப்பது பக்கத்தில் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவருடைய கடிதம் வந்த அன்று பதில் எழுதாதீர்கள். ஒருமுறை படித்துவிட்டு மூடிவையுங்கள், இரண்டு நாள் கழித்துத் திறந்து, எந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் கோபம் வரவைத்ததோ அதிலிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.