ரெய்டுக்கு டீம் செட் பண்றது எப்படி? போகிமான் கோ புதுசா ஆடுறவங்களுக்கு படிப்படியா

ஒரு புதன்கிழமை சாயங்காலம், பெசன்ட் நகர் பீச்சுல ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்துல நாங்க நாலு பேரு நின்னு ரெய்டுல, அதாவது பல பேர் சேர்ந்து ஒரு பெரிய போகிமான நேரத்துக்குள்ள சாய்க்கிற சண்டைல, ரேக்வாசாங்கிற போகிமான அடிச்சிட்டிருந்தோம். நான், எங்க குரூப்ல எல்லாரும் அக்கான்னு கூப்பிடுற ஒருத்தங்க, ரிட்டயர் ஆன ஒரு அங்கிள், அப்புறம் அன்னைக்குதான் முதல் தடவ வந்த ஒரு காலேஜ் பையன். 300 செகண்டு முடிஞ்சப்ப ரேக்வாசாவோட உயிர்க்கோடு நூல் அளவுக்கு சிவப்பா மிச்சம் இருந்துது, அவ்ளோதான், தோத்துட்டோம். பையன் முகம் வாடிப்போச்சு, "அண்ணா என்கிட்ட 4000 சிபில ஸ்லேக்கிங் இருக்குணா, அத தான் முதல்ல விட்டேன், அப்படியும் எப்படிணா தோத்தோம்"னு கேட்டான்.

ரெய்டு முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்துது. அவன பக்கத்துல உக்கார வெச்சு, சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே ஒவ்வொண்ணா சொன்னேன், போன்லயே டீம மாத்தினோம். அன்னைக்கு அவன்கிட்ட சொன்னதத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன். ஒரு சின்ன விஷயம், நம்ம பசங்க உள்ள போற ரெய்டு பாஸையும் பாஸ்னு தான் சொல்வாங்க, எதிர்ல நிக்கிற பெரிய ஆளையும் பாஸ்னு தான் சொல்வாங்க. குழப்பம் வேணாம், இந்த பதிவுல உள்ள போறது டிக்கெட், எதிர்ல நிக்கிறது பாஸ்.

படி 1: சிபிய மறந்துடுங்க, டைப்ப பாருங்க

இத மட்டும் புரிஞ்சுக்கிட்டாலே பாதி வேல முடிஞ்சுது. சிபிங்கிறது அட்டாக், டிஃபென்ஸ், உயிர் மூணையும் கலந்து போட்ட ஒரு நம்பர், அந்த போகிமான்கிட்ட என்ன அடி இருக்கு, அது இந்த பாஸுக்கு எதிரா எடுபடுமா எடுபடாதான்னு அந்த நம்பருக்கு தெரியாது. ஸ்லேக்கிங்கையே எடுத்துக்கோங்க, சிபி 4000த்த தாண்டி போகும், ஆனா அதோட ஃபாஸ்ட் மூவ், ஸ்க்ரீன தட்டத் தட்ட போடுற சின்ன அடி, யான், அதாவது கொட்டாவி. கொட்டாவிக்கு டேமேஜ் பூஜ்யம். நீங்க ஸ்க்ரீன தட்டு தட்டுன்னு தட்டுவீங்க, அது நின்னு கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கும், பாஸுக்கு ஒரு கீறல் கூட விழாது. பிளிஸ்ஸியும் அப்படித்தான், உயிர் மலை மாதிரி இருக்கும், ஜிம்ல, அதான் மேப்புல ரெய்டு நடக்குற சண்டை இடத்துல, காவலுக்கு வெக்க அத அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா அட்டாக் வெறும் 129. ரெய்டு நேரத்தோட போட்டி, சாகாம நிக்கிறதுக்கு மார்க் கிடையாது, நேரத்துக்குள்ள பாஸோட உயிர காலி பண்ணணும். ரேக்வாசா மாதிரி 5 ஸ்டார் பாஸுக்கு உயிர் 15,000.

இப்ப கணக்கு. டைப்னா ஃபயர், வாட்டர், ஐஸ் மாதிரி ஒவ்வொரு போகிமானுக்கும் ஒவ்வொரு மூவுக்கும் இருக்குற வகை. எதிராளிக்கு ஆகாத டைப்ல அடிச்சா 1.6 மடங்கு டேமேஜ். அந்த பாஸுக்கு ரெண்டு டைப் இருந்து ரெண்டுக்குமே அந்த அடி ஆகாதுன்னா 2.56 மடங்கு. ரேக்வாசா டிராகன், ஃப்ளையிங் ரெண்டும் சேர்ந்தது, ஐஸ் ரெண்டுக்குமே ஆகாது, அதனால ஐஸ்ல அடிச்சா ஒவ்வொரு அடியும் ரெண்டரை அடிக்கு மேல. ராக், ஃபேரி, டிராகன் இதெல்லாமும் வேல செய்யும், ஆனா 1.6 தான். அதுக்கு மேல, அடிக்கிற போகிமானோட டைப்பும் மூவோட டைப்பும் ஒண்ணா இருந்தா இன்னொரு 1.2 மடங்கு. ஐஸ் டைப் போகிமான், கையில ஐஸ் மூவ், எதிர்ல ரேக்வாசா, மூணும் சேர்ந்தா 1.2 பெருக்கல் 2.56, கிட்டத்தட்ட 3 மடங்கு வந்துடுது பாருங்க. கேம் தானா எடுத்துக் குடுக்குற டீம்ல பெரும்பாலும் அடி தாங்கி நிக்கிற ஆளுங்கதான் முன்னாடி வருவாங்க, அத அப்படியே எடுத்துக்கிட்டு உள்ள போகாதீங்க.

படி 2: உங்ககிட்டயே என்ன இருக்குன்னு தேடுங்க

போகிமான் லிஸ்ட் மேல தேடுற இடத்துல @ குறி போட்டு ஒட்டினாப்ல ஐஸ்னு ஆங்கிலத்துல அடிங்க. ஐஸ் மூவ் வெச்சிருக்குற எல்லாமே வரிசையா வந்து நிக்கும். @ போடலன்னா ஐஸ் டைப் போகிமான் மட்டும் தான் வரும், அதுல பாதி வேற ஏதாவது மூவ் வெச்சிருக்கும், அதனால @ முக்கியம். பையன் இத அடிச்சதும் அவனே ஆச்சரியப்பட்டான், பிடிச்சுப் போட்டுட்டு மறந்துபோன மாமோஸ்வைன் ரெண்டு, வீவைல் ஒண்ணு, பிலோஸ்வைன் மூணுன்னு மொத்தம் ஆறு பேரு உள்ளயே இருந்தாங்க. புதுசா எதையும் தேடி அலைய வேண்டாம், முதல்ல வீட்ல என்ன இருக்குன்னு பாருங்க.

படி 3: மூவ சரி பண்ணுங்க

மாமோஸ்வைன ரேக்வாசாவுக்கு எதிரா விடணும்னா ஃபாஸ்ட் மூவ் பவுடர் ஸ்னோ, சார்ஜ் மூவ், அதாவது சக்தி சேர்ந்ததும் போடுற பெரிய அடி, அவலாஞ்ச். ரெண்டும் ஐஸ். பையனோட ஒரு மாமோஸ்வைன்ல மட்-ஸ்லாப் இருந்துது, அது கிரவுண்டு, ரேக்வாசா பறக்குறது, பறக்குறதுக்கு மேல மண்ண வீசி என்ன பிரயோஜனம். மூவ மாத்துற ஐட்டம் தான் டிஎம், ஒரு ஃபாஸ்ட் டிஎம் போட்டு மாத்தினோம், சாதா டிஎம்ல நமக்கு வேண்டியது தான் வரும்னு சொல்ல முடியாது, ஆனா மாமோஸ்வைனுக்கு ஃபாஸ்ட் மூவே ரெண்டு தான், ஒரே டிஎம்ல வந்துடுச்சு. இன்னொரு விஷயம், 2019 பிப்ரவரி கம்யூனிட்டி டேல ஸ்வைனப் வந்தப்ப மாமோஸ்வைனுக்கு ஸ்பெஷலா குடுத்த மூவ் ஏன்ஷியன்ட் பவர், அது ராக் டைப். ஸ்பெஷல் மூவ்னு பேரு இருக்குறதால பத்திரமா வெச்சிருக்கேன்னு நிறைய பேரு சொல்வாங்க, ஐஸ் டீமுக்கு அது வேணவே வேணாம், அவலாஞ்ச் தான் வேணும்.

ஷேடோ போகிமான், அதாவது டீம் ராக்கெட் ஆளுங்கள ஜெயிச்சு பிடிக்கிறது, இருந்தா ரொம்ப நல்லது, அதுங்களுக்கு அட்டாக் 20 சதவீதம் கூட. பிடிச்ச கையோட பியூரிஃபை பண்ணி ஷேடோவ எடுத்துடாதீங்க. ஆனா பிடிச்சப்ப அதுக்கு ஃபிரஸ்ட்ரேஷன்னு ஒரு மூவ் ஒட்டிக்கிட்டு வரும், அத சாதா டிஎம் போட்டு எடுக்க முடியாது, டீம் ராக்கெட் ஈவன்ட் வரும்போது தான் எடுக்க விடுவாங்க, அந்த நாளுக்கு டிஎம் சேத்து வெச்சுக்கோங்க.

படி 4: ஸ்டார்டஸ்ட் செலவு

போகிமானோட லெவல ஏத்த, அதாவது பவர் அப் பண்ண, செலவாகுறது தான் ஸ்டார்டஸ்ட். இங்கதான் புது ஆளுங்க மொத்தமா காலி ஆகுறாங்க, அதனால பொறுமையா படிங்க. ஒரே ஒரு போகிமான பிடிச்சுக்கிட்டு அத உச்சிக்கு ஏத்தணும்னு ஆசப்பட்டு இருக்குற ஸ்டார்டஸ்ட் எல்லாத்தையும் அது தலையில கொட்டிடுவாங்க. லெவல் 20லேர்ந்து 30க்கு ஏத்த 75,000 ஸ்டார்டஸ்ட் ஆகும். அதே 30லேர்ந்து 40க்கு 1,50,000, சரியா ரெண்டு மடங்கு. அந்த ரெண்டு மடங்குக்கு கிடைக்கிற பலம் எவ்ளோன்னு பாத்தா சுமார் 8 சதவீதம் தான். அதாவது ரெண்டு பேர 40க்கு ஏத்துற 4,50,000 ஸ்டார்டஸ்ட்ல ஆறு பேரையும் 30க்கு கொண்டு வந்து நிறுத்திடலாம், முழு டீமே ரெடி. ரெய்டுல ஒருத்தன் மட்டும் பலசாலியா இருந்து மத்த அஞ்சு பேரும் நோஞ்சானா இருந்தா அந்த ஒருத்தன் விழுந்ததும் ஆட்டம் முடிஞ்சுது.

லெவல் எங்கயும் நம்பரா எழுதி இருக்காது, பவர் அப் பட்டன் எவ்ளோ கேக்குதுன்னு பாத்து தெரிஞ்சுக்கலாம். 2,500 கேட்டா 20 பக்கம், 5,000 கேக்க ஆரம்பிச்சதும் ரெண்டு தடவ ஏத்தினா 30, அங்க நிறுத்திடுங்க. ஃப்ரெண்டோட டிரேட் பண்றப்ப லக்கி போகிமானா வந்ததுக்கு பாதி விலைதான், ஷேடோவுக்கு கொஞ்சம் கூட. மாமோஸ்வைனுக்கு கடைசி எவல்யூஷனுக்கு 100 கேண்டியும் சின்னோ ஸ்டோனும் வேணும், அந்த கல்லு உடனே கிடைக்காது, இப்பலேர்ந்தே சேத்து வெச்சுக்கோங்க.

படி 5: சென்னை வெதருக்கு எது

கேம்ல அந்த நேரத்து வெதருக்கு ஏத்த மூவுக்கு 1.2 மடங்கு கூட. வெயில்னா ஃபயர், கிராஸ், கிரவுண்டு. மழைன்னா வாட்டர், எலக்ட்ரிக், பக். ஐஸுக்கு பனி பெய்யணும், சென்னையில அதுக்கு வழியே இல்ல, அதனால ஐஸ் டீம வெதர் நம்பி போடக் கூடாது, டைப் கணக்க நம்பி தான் போடணும். நம்ம ஊர்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் வெயில் தானே, அதனால முதல் டீமா கிரவுண்டு, கிராஸ் ரெண்டுல ஒண்ண கட்டிடுங்க, அடிக்கடி உதவும். ஐப்பசி கார்த்திகை மழைல எலக்ட்ரிக் டீமுக்கு நல்ல வேட்டை, கியோகர் மாதிரி வாட்டர் பாஸ் வந்தா அதுக்கும் அதே மழைல பலம் கூடும், நமக்கும் கூடும். இன்னொரு லாபம், வெதர் சரியா இருக்கும்போது வெளியில பிடிக்கிற போகிமான் லெவல் 35 வரைக்கும் வரும், அப்படி ஒண்ணு மாட்டினா பவர் அப் செலவே கிடையாது. ஆனா இடி மின்னல் அடிக்கும்போது பீச்ல நிக்காதீங்க, தயவு செஞ்சு.

படி 6: நாலு பேரும் சேர்ந்து ஒரு டீம்

இது வரைக்கும் சொன்னது உங்க ஆறு பேர பத்தி. எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான், ஏன்னா ரெய்டு தனியா ஆடுறதுக்கு இல்ல, ஒரு லாபிக்குள்ள, அதாவது சண்டைக்கு முன்னாடி எல்லாரும் கூடுற இடத்துக்குள்ள, 20 பேர் வரைக்கும் போகலாம்.

முதல்ல ஃப்ரெண்டு. தினமும் ஒரு கிஃப்ட் அனுப்பி ஓபன் பண்ணா ஃப்ரெண்ட்ஷிப் ஏறும், கூட நின்னு ரெய்டு அடிச்சா அட்டாக் போனஸ் குட் ஃப்ரெண்டுக்கு 3 சதவீதம், கிரேட்டுக்கு 5, அல்ட்ராவுக்கு 7, பெஸ்ட் ஃப்ரெண்டுக்கு 10. பெஸ்ட் ஆக 90 நாள் ஆகும். அக்காவும் நானும் எப்பவோ பெஸ்ட் ஆயிட்டோம், அங்கிள் காலைல வாக்கிங் போறப்பவே எல்லாருக்கும் கிஃப்ட் அனுப்பிடுவாரு, ஒரு நாள் தவற மாட்டாரு. 10 சதவீதம்னா கேக்க சின்னதா இருக்கும், மேல சொன்ன 8 சதவீதத்துக்கு 1,50,000 ஸ்டார்டஸ்ட் கொட்டணும், இது கிஃப்ட் அனுப்புறதுக்கு சும்மா கிடைக்குது.

அடுத்து மெகா, சில போகிமான் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுக்குற பலமான வடிவம். யாராவது ஒருத்தர் மெகா போகிமான இறக்கினா அது களத்துல நிக்கிற வரைக்கும் மத்தவங்க எல்லாருக்கும் அடி 10 சதவீதம் கூடும், மெகாவோட டைப்லயே அடிச்சா 30 சதவீதம். ஐஸ் டீமுக்கு மெகா கிளேலி, இல்லன்னா மெகா அபோமாஸ்னோ. ரெண்டு பேரு ஒரே நேரத்துல இறக்கினா போனஸ் ரெண்டா ஆகாது, அதனால பேசி வெச்சுக்கோங்க, அங்கிள் முதல்ல விடுவாரு, அவரோடது விழுந்ததும் அக்கா விடுவாங்க, இப்படி.

அப்புறம் பார்ட்டி ப்ளே, 2023ல வந்துது. ஒரே இடத்துல நிக்கிற நாலு பேர் வரைக்கும் பார்ட்டி சேரலாம், எல்லாரும் அடிக்கிற ஃபாஸ்ட் மூவ்ல ஒரு மீட்டர் ரொம்பும், ரொம்பினதும் தட்டினா உங்க அடுத்த சார்ஜ் மூவ் டேமேஜ் ரெண்டு மடங்கு. மூணு நாலு பேரா ஆடும்போது ஆட்டத்தையே மாத்திடுது இது. ஆள் குறைவா இருக்கும்போது கட்டாயம் பண்ணுங்க.

படி 7: உள்ள போற முன்னாடி

ஆறு பேரையும் ஒரு பேட்டில் பார்ட்டியா, அதாவது ரெடி டீமா, சேவ் பண்ணிடுங்க, முடிஞ்சா ரெண்டாவது ஒண்ணும். ஆறும் விழுந்துட்டா ரிவைவ் போட்டு ஒவ்வொண்ணா எழுப்பிட்டு இருக்க நேரம் இருக்காது, கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டாவது பார்ட்டியோட நேரா திரும்ப உள்ள போயிடுங்க. எல்லாரும் ஒரே லாபில இருக்கணும்னா பிரைவேட் குரூப் கோடு போட்டு போங்க, பீச்ல கூட்டம் அதிகமா இருக்கும் நேரத்துல நெட்வொர்க் இழுக்கும், ஒருத்தர் லேட்டா வந்தா வேற லாபிக்கு போயிடுவாங்க. பவர் பேங்க் கட்டாயம். தோத்துட்டா டிக்கெட் போச்சுன்னு பயப்படாதீங்க, பாஸ் அந்த ஜிம்ல இருக்குற வரைக்கும் அதே டிக்கெட்ல திரும்ப போகலாம்.

நாங்களும் அப்படித்தான் திரும்ப போனோம். பையனோட ஸ்லேக்கிங் வெளிய, ரெண்டு மாமோஸ்வைன், வீவைல், மூணு பிலோஸ்வைன் உள்ள. இருந்த ஸ்டார்டஸ்ட்ல ரெண்டு மாமோஸ்வைனையும் தான் ஏத்த முடிஞ்சுது, மத்தது அப்படியே. அங்கிள் மெகா அபோமாஸ்னோவ முதல்ல விட்டாரு, நாலு பேரும் பார்ட்டி சேர்ந்தோம். ரேக்வாசா விழுந்தப்ப 70 செகண்டுக்கு மேல மிச்சம் இருந்துது. அதே நாலு பேரு, அதே பாஸ்.

கடைசி படி: பிடிக்கிறது

ஜெயிச்சதும் பிரீமியர் பால் எண்ணிக் குடுப்பாங்க, அதுக்குள்ள தான் பிடிக்கணும். கோல்டன் ராஸ் பெரி போட்டா பிடிபடுற வாய்ப்பு 2.5 மடங்கு, பால சுழட்டி வளைச்சு வீசினா 1.7 மடங்கு, ரெண்டையும் ஒவ்வொரு பாலுக்கும் பண்ணுங்க. பால அழுத்திப் பிடிச்சு வட்டம் சின்னதா ஆகுற வரைக்கும் காத்திருந்து விரல எடுத்துடுங்க, இப்ப வீசாதீங்க, அந்த போகிமான் ஒரு தடவ தாக்குற மாதிரி ஆடும், அந்த ஆட்டம் முடியப் போற நேரத்துல சுழட்டி வீசினா வட்டம் நீங்க விட்ட அளவுலயே நிக்கும். ரேக்வாசாவுக்கு சிபி 2191 வந்தா அது நூத்துக்கு நூறு, அதாவது அதோட பிறவி பலம் முழுசா இருக்கு, காத்து வெதர்ல 2739.

பையன் முதல் நாலு பால அவசரத்துல நேரா வீசி விட்டான், அக்கா அவன் கைய பிடிச்சு "இருப்பா, ஆடட்டும், இருப்பா"ன்னு நிறுத்தி நிறுத்தி வீச வெச்சாங்க, எட்டாவது பால்ல மூணு தடவ ஆடி மூடிக்கிச்சு. 2164. அத பாத்துக்கிட்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தான்.