சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போனால் பானெட்டைத் திறக்கும் முன், முன்னிருக்கை சீட் பெல்ட்டை இனி வராது என்னும்வரை இழுங்கள். மெதுவாகத்தான், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். கடைசி ஒன்றரை அடியைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பழுப்பு நிற நீர்க்கோடு, நெசவில் ஒட்டிய வண்டல், பூஞ்சை நாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும்.

பெல்ட்டைச் சுருட்டும் சுருள் பெரும்பாலான கார்களில் கதவுத் தூணின் அடிப்பகுதியில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே ஏறினால் சீக்கிரமே நனைவது அதுதான். விற்பவர் கார்ப்பெட்டைக் கழுவுவார், இருக்கை உறையை மாற்றுவார், வாசனைத் திரவியம் வேறு தெளிப்பார். சுருளுக்குள் கிடக்கும் துணியை வெளியே இழுத்துத் துவைக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னையிலோ, 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடிப் பக்கமோ இருந்த வண்டி என்றால் இதைத் தவறவிடாதீர்கள்.

பெல்ட்டையே மாற்றியிருந்தால் இந்தச் சோதனை உதவாது. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் பட்டையில் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும். அது காரின் வயதைவிடப் புதியதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். விபத்துக்குப் பிறகும் மாற்றுவதுண்டு. தண்ணீர் கால்வைக்கும் இடத்தோடு நின்றிருந்தால் பெல்ட் சுத்தமாகவே இருக்கும். அதனால் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள்.